ஆல்பர்ட் பூஹோல்ஸின் பேட்டிங் எப்படித் தேய்ந்தது?

2006இல் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் ஆட்டக்காரர் ஆல்பர்ட் பூஹோல்ஸ் 49 ஹோம் ரன் அடித்தார், அதாவது 49 முறை பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பினார். அந்த சீசன் முழுக்க அவர் ஸ்ட்ரைக்-அவுட் ஆனது, அதாவது மூன்று பந்துகளைத் தவறவிட்டு அவுட் ஆனது, 50 தடவைதான். இந்த இரண்டு எண்கள் இப்படி அக்கம்பக்கத்தில் நிற்பது பேஸ்பாலில் அபூர்வம். பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பும் ஆசையில் முழு வேகத்தில் பேட்டை வீசுகிறவர் அடிக்கடி பந்தைத் தவறவிடுவார்; பலத்துக்கு ஆட்டம் வாங்கும் விலை அது. பூஹோல்ஸ் அந்த விலையைக் கொடுக்காமலே அடித்தார். டொமினிக்கன் குடியரசில் பிறந்தவர். அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் 1999 தேர்வில் 402ஆவது ஆளாகத்தான் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி அவரை எடுத்தது. 2001 முதல் 2011 வரை அந்த அணிக்கு 445 ஹோம் ரன் அடித்துக் கொடுத்தார். சராசரி .328, அதாவது ஆயிரம் வாய்ப்பில் 328 ஹிட்; பந்தை அடித்து ஓடி, பேஸ் என்ற அடுத்த நிலையைப் பத்திரமாக எட்டுவதுதான் ஹிட். லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது மூன்று முறை.

2017இல் அவருக்கு 37 வயது. லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் அணியில் அவருடைய சராசரி .241. ஹிட்டோ வாக்கோ (நான்கு தப்பான பந்துகளை அடிக்காமல் விட்டால் முதல் பேஸ் இலவசம், அதுதான் வாக்) எடுத்து பேஸை எட்டிய விகிதம் .286. கைக்குக் கிடைக்கும் சாதாரண மாற்று ஆள் ஒருவரை அதே இடத்தில் நிறுத்தினால் அணிக்கு லாபமா நஷ்டமா என்று பார்க்கும் கணக்கில் அவர் பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டார்.

ஆனால் அந்த ஆண்டிலும் வாக் போன்றவற்றைக் கழித்த 593 அதிகாரப்பூர்வ வாய்ப்புகளில் அவர் ஸ்ட்ரைக்-அவுட் ஆனது 93 முறைதான். அந்தக் கால லீக் சராசரியோடு ஒப்பிட்டால் இது ரொம்பக் குறைவு. அதாவது பந்து பேட்டில் படத்தான் செய்தது. பட்ட பிறகு நடந்ததுதான் மாறிப்போயிருந்தது. வயதாகும் பேட்டரின் சரிவைப் புரிந்துகொள்ள அவரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பலர் பந்தையே தொட முடியாமல் ஓய்கிறார்கள். இவர் தொட்டுக்கொண்டே தேய்ந்தார்.

பந்தை எறியும் பிட்ச்சர் நிற்கும் இடத்திலிருந்து, பேட்டர் அடிக்கும் இடமான ஹோம் பிளேட் 18.44 மீட்டர். கையை நீட்டி முன்னால் வந்து எறிவதால் பந்து உண்மையில் கடக்கும் தூரம் 16.8 மீட்டர் அளவில்தான் இருக்கும். மணிக்கு 95 மைல் வேகத்தில் வந்தால் அதற்கு ஏறக்குறைய 0.4 வினாடி போதும். அடிக்க முடிவெடுத்த பிறகு பேட் சுழன்று பந்தைச் சந்திக்க 0.15 வினாடி போய்விடும். கண் பார்த்ததை மூளை படித்து, தசைக்கு உத்தரவு போக வேண்டிய நேரத்தையும் கழித்துக்கொள்ளுங்கள். பந்து பாதி வழி வருவதற்குள் இது என்ன பந்து, எங்கே வரும், விடலாமா அடிக்கலாமா என்பதெல்லாம் முடிவாகியிருக்க வேண்டும்.

பிழைக்கு இருக்கும் இடமும் குறுகல். பேட்டின் மிகத் தடித்த இடம் 6.6 செ.மீ., பந்தின் விட்டம் 7.4 செ.மீ. அளவு. இரண்டுமே உருண்டை. கிரிக்கெட் பேட்டின் தட்டையான முகம் இங்கே கிடையாது. ஒரு சென்டிமீட்டர் மேலே பட்டால் பந்து தரையில் உருளும். கீழே பட்டால் நேராக வானத்துக்குப் போகும். நேரத்தில் வெறும் 7 முதல் 10 மில்லிவினாடி முந்தினாலோ பிந்தினாலோ, நேராகப் போக வேண்டிய பந்து ஃபவுல் கோட்டுக்கு, அதாவது ஆடுகளத்தின் பக்கவாட்டு எல்லைக்கு, வெளியே போய்விடும்.

இந்த இடத்தில்தான் வயது கை வைக்கிறது. முப்பதுகளின் நடுவில் கண்ணும் மூளையும் மந்தமாவது மிகச் சிறிய அளவில்தான். அதைவிட முக்கியமானது தசை விசையை எழுப்பும் வேகம். ஒரு தசை தன் முழு பலத்தைக் கொண்டுவர 0.3 வினாடியோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். ஸ்விங்கோ அதில் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே ஜிம்மில் எத்தனை கிலோ தூக்குகிறார் என்பது பேட்டிங்குக்கு இரண்டாம்பட்சம். முதல் நூறு சொச்சம் மில்லிவினாடிக்குள் எவ்வளவு விசை வருகிறது என்பதுதான் கணக்கு. அதைத் தருபவை வேகமாகச் சுருங்கும் தசை இழைகள், வயதோடு முதலில் மெலிபவையும் அவையே. 37 வயதுக்காரர் பெஞ்ச் பிரஸ்ஸில் 27 வயதுக்காரருக்கு ஈடுகொடுக்கலாம், ஸ்விங்கில் கொடுக்க முடியாது.

பேட் வேகம் குறைந்தால் என்ன நஷ்டம் என்பதைக் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். பந்து பேட்டை விட்டுக் கிளம்பும் வேகம், வரும் பந்தின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கும் பேட்டின் வேகத்தைப் போல 1.2 மடங்கும் சேர்ந்த தொகைக்குக் கிட்டத்தட்டச் சமம். பிளேட்டை எட்டும்போது பந்து 86 மைல் வேகத்தில் வருகிறது, பேட் 75 மைலில் சுழல்கிறது என்று வையுங்கள். 17.2 கூட்டல் 90. மொத்தம் 107 மைல். பேட் 72 மைலாகக் குறைந்தால் 103.6. ஹோம் ரன் கோணத்தில், அதாவது 25 முதல் 30 டிகிரி சொச்சத்தில், ஒவ்வொரு மைலும் சுமார் 5 அடி தூரம். மூன்று மைல் பேட் வேகம் போனால் 18 அடி போச்சு. வேலிக்கு முன்னால் ஓடிவரும் ஃபீல்டருக்கு எச்சரிக்கையாகப் போட்டிருக்கும் மண் பட்டை வழக்கமாக 15 அடி அகலம். வேலியை உரசிப் போன பந்துகளெல்லாம் அந்தப் பட்டையில் கேட்ச் ஆகத் தொடங்குவது இப்படித்தான்.

இந்தக் குறையை பேட்டர் உணர்கிறார். ஃபாஸ்ட்பாலுக்குத் தாமதமாகிறோம் என்று தெரிந்ததும் ஸ்விங்கைக் கொஞ்சம் முன்கூட்டியே தொடங்குகிறார். 15 மில்லிவினாடி முன்னால் கிளம்பினால் போதும், ஃபாஸ்ட்பாலை எட்டிப் பிடித்துவிடலாம். ஆனால் அந்த 15 மில்லிவினாடியில் பந்து ஏறக்குறைய 60 செ.மீ. பயணம் செய்கிறது. அந்த 60 செ.மீ. அளவுக்குப் பந்தைப் பார்க்காமலே முடிவெடுக்கிறார். கடைசியில் வளைந்து விலகும் ஸ்லைடரும் நேராக வேகமாக வரும் ஃபாஸ்ட்பாலும் பாதி வழிவரை ஒன்றுபோலவே தெரியும், பிரிவதே பிறகுதான். எனவே விட வேண்டிய பந்துகளைத் தொட ஆரம்பிக்கிறார். பூஹோல்ஸின் எண்களில் இது பச்சையாகத் தெரியும். 2009இல் 115 வாக், 2010இல் 103. 2011இல் சட்டென்று 61. 2017இல் 37. ஆட்டம் இறங்குவதை ஹோம் ரன் எண்ணிக்கைக்கு முன்பே வாக் எண்ணிக்கைதான் சொன்னது. 2011இல் அவர் 37 ஹோம் ரன் அடித்திருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போதாக்குறைக்கு எதிர்த்தரப்பும் வளர்ந்தது. 2008 வாக்கில் லீகின் சராசரி ஃபாஸ்ட்பால் 92 மைலை ஒட்டி இருந்தது. 2022 வாக்கில் 94ஐ ஒட்டி. இரண்டு மைல்தானே என்று தோன்றும். பந்து வந்துசேரும் நேரத்தில் அது சுமார் 9 மில்லிவினாடி. ஃபவுலுக்கும் ஹிட்டுக்கும் நடுவில் இருக்கும் அதே இடைவெளி!

இனி பாதத்துக்கு வருவோம். என் கணிப்பில் பூஹோல்ஸின் கதையே அங்கேதான் இருக்கிறது.

பெரும்பாலான பேட்டர்கள் முன்காலைத் தூக்கி, ஒரு எட்டு வைத்து, அந்த உந்தலோடு அடிப்பார்கள். பூஹோல்ஸ் கால்களை அகல விரித்து, முழங்கால் மடக்கி, தாழ்ந்து நிற்பார். எட்டு வைப்பதே கிடையாது என்று சொல்லலாம். முன்பாதத்தின் குதிகால் லேசாக எழுந்து மறுபடி பதியும். தலை ஆடாது, கண் ஆடாது. அவர் பந்தை அவ்வளவு துல்லியமாகப் பார்த்ததற்கு இந்த நிலைப்பாடு ஒரு காரணம். ஆனால் ஓட்டத்தின் உந்தல் இல்லாததால் அத்தனை சக்தியும் தரையிலிருந்துதான் வர வேண்டும். பின்கால் தள்ளும். முன்பாதம் பதிந்து, முன்கால் விறைத்து, முன்னால் போகும் உடலைத் தடுத்து நிறுத்தும். அந்தத் தடையில்தான் இடுப்பு சுழல்கிறது; இடுப்பு நிற்கப் போகும்போது மார்பு, பிறகு தோள், கை, கடைசியில் பேட். சாட்டையைச் சொடுக்குவது போல ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததற்கு வேகத்தைக் கைமாற்றும். முன்பாதத்தில் விழும் விசை உடல் எடையைவிட அதிகம், அவர் எடையோ நூறு கிலோவுக்கு மேல்.

அவர் வலது கை பேட்டர். ஆகவே முன்பாதம் இடது பாதம். 2013இல் அந்த இடது பாதத்தில்தான் குதிகாலிலிருந்து விரல்கள்வரை அடியில் ஓடும் திசுப் பட்டை அழற்சி கண்டது. ஜூலையில் அது பகுதி கிழிந்து, 99 ஆட்டத்தோடு சீசன் முடிந்தது. அதற்கு முன் 2012இல் வலது முழங்கால் அறுவை சிகிச்சை. 2015 இறுதியிலும் 2016 இறுதியிலும் வலது பாதம். 2018இல் இடது முழங்கால். சாட்டையின் பிடியே தளர்ந்துவிட்டது. குதிகால் வலிக்கிறவர் முன்காலை முழு விசையோடு ஊன்ற மாட்டார். உடம்பே ஊன்ற விடாது. தடை இல்லையென்றால் இடுப்பு சுழலாமல் முன்னால் வழுகும், மேலே இருக்கும் கைகள் தனியாக அடிக்க வேண்டிவரும். வலி போன பிறகும் அந்தப் பழக்கம் போவதற்கு நாளாகும்.

பாதத்தின் இன்னொரு நஷ்டம் ஓட்டம். 2015ஐப் பாருங்கள். அந்த ஆண்டு 40 ஹோம் ரன். சராசரியோ .244. ஹோம் ரன்னையும் ஸ்ட்ரைக்-அவுட்டையும் ஒதுக்கிவிட்டு, மைதானத்துக்குள் விழுந்த பந்துகளில் எத்தனை ஹிட் ஆயின என்று பார்த்தால் .217. லீகில் இது .300 சுற்றி இருக்கும். அவருக்கே 2008இல் .340. வேலிக்கு வெளியே போகும் பந்துக்கு யாரும் ஓட வேண்டியதில்லை. உள்ளே விழும் பந்துக்குத்தான் கால் வேண்டும்.

ஒரு தரையுருட்டலை நினைத்துக்கொள்ளுங்கள். பந்து, இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நிற்கும் ஃபீல்டரான ஷார்ட்ஸ்டாப் பக்கம் போகிறது. முதல் பேஸ் 90 அடி. வலது கை பேட்டர் ஒருவர் அதைச் சராசரியாக நாலரை வினாடியில் ஓடுவார். பின்னாளைய பூஹோல்ஸுக்கு ஐந்துக்கு மேல் ஆகும். லீக் ஆட்டக்காரரின் உச்ச ஓட்ட வேகம் வினாடிக்கு 27 அடி என்றால் இவருடையது 22, 23 அடி. அந்த அரை வினாடி ஷார்ட்ஸ்டாப்புக்குக் கிடைத்த பரிசு. அவர் ஐந்து மீட்டர் பின்னால் போய் நின்றுகொள்ளலாம். பந்து அங்கே வர 0.15 வினாடி கூடும், திருப்பி எறிய இன்னொரு 0.15. இன்னும் நேரம் மிச்சம். பின்னால் நிற்பவருக்கு இரு பக்கமும் பாய்ந்து பிடிக்கும் வட்டம் பெரிதாகிறது. முன்பு இடைவெளியில் புகுந்துபோன பந்துகள் இப்போது அவர் கையுறைக்குள். அதோடு, ஸ்லைடருக்கு முந்திக்கொண்டு ஸ்விங் செய்யும்போது மணிக்கட்டு உருண்டு, பந்து பெரும்பாலும் இடது பக்கத் தரையுருட்டலாகவே போகும். எங்கே நிற்பது என்று ஃபீல்டருக்கு முன்கூட்டியே தெரியும்.

முதல் பேஸில் ஆள் இருந்தால் அதுவே டபுள் ப்ளே, ஒரே பந்தில் இரண்டு அவுட். வாழ்நாளில் 426 டபுள் ப்ளே, வரலாற்றிலேயே அதிகம். 22 சீசன் ஆடியதும், எப்போதும் ஆட்கள் பேஸில் இருக்கும்போது அடிக்க வந்ததும் இதில் சேர்த்தி என்பதை மறக்கக் கூடாது.

அதே 2017இல் அவர் 101 ரன்களை உள்ளே கொண்டுவந்தார் என்பதைக் காட்டி, சரிவே இல்லை என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். அந்த எண், முன்னால் ஆடுபவர்கள் பேஸை நிரப்பிவைப்பதைப் பொறுத்தது. லீகின் தலைசிறந்த பேட்டர்களில் ஒருவரான மைக் ட்ரௌட் ஆடிய அணியின் நடுவரிசையில் 149 ஆட்டம் ஆடினால் யாருக்கும் அது ஏறும். எத்தனை அவுட்டைச் செலவழித்து அந்த 101 வந்தது என்பதை .286தான் சொல்கிறது.

வயதுக்கும் ஆட்டத்துக்கும் உள்ள உறவை வரைபடமாக்குவதில் ஒரு பொறி இருக்கிறது. 38 வயதில் ஆடுபவர்களின் சராசரியை மட்டும் எடுத்தால் சரிவு லேசாகத் தெரியும். காரணம், மோசமானவர்கள் அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஒரே ஆளின் இந்த வருடத்தையும் அடுத்த வருடத்தையும் கழித்துப் பார்த்து, அந்த வித்தியாசங்களைச் சேர்த்தால்தான் உண்மை வடிவம் வரும். 26 முதல் 29 வரை உச்சி, முப்பதுக்குப் பின் இறக்கம், 35ஐத் தாண்டினால் செங்குத்து. ஏஞ்சல்ஸ் 2011 டிசம்பரில் கொடுத்த 10 வருட, 24 கோடி டாலர் ஒப்பந்தம் அவருடைய 32ஆம் வயதில் தொடங்கி 41இல் முடிவது. உச்சியின் விலையைக் கொடுத்து இறக்கத்தை வாங்கினார்கள். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் டேவிட் ஓர்டிஸ் 2016இல் 40 வயதில் 38 ஹோம் ரன் அடித்தது உண்மை. அவரும் பாத வலியோடுதான் ஆடினார், ஆனால் ஃபீல்டிங் செய்யாமல் பேட்டிங் மட்டுமே ஆடியவர். விதிவிலக்கைக் காட்டி ஒப்பந்தம் எழுதக் கூடாது.

2021 மே மாதம் ஏஞ்சல்ஸ் அவரை விடுவித்தபோது சராசரி .198. எல்லாம் முடிந்தது என்றே தோன்றியது. ஆனால் 2022இல் 42 வயதில், 25 லட்சம் டாலருக்கு கார்டினல்ஸுக்குத் திரும்பி, 307 வாய்ப்பில் 24 ஹோம் ரன் அடித்தார். 12.8 வாய்ப்புக்கு ஒன்று. 2017இல் அது 25.8க்கு ஒன்றாக இருந்தது.

உடம்பு இளமைக்குத் திரும்பிவிடவில்லை. கேட்ட வேலை சுருங்கியது. அந்த ஆண்டுதான் கார்டினல்ஸ் ஆடும் நேஷனல் லீகிலும் பேட்டிங் மட்டும் ஆடும் இடம் நிரந்தரமாக வந்தது. கால்களுக்கு ஓய்வு. இடது கை பிட்ச்சர்கள் வரும் நாட்களில்தான் பெரும்பாலும் அவரை இறக்கினார்கள். வலது கை பேட்டருக்கு இடது கைக்காரரின் பந்து, கையை விட்டுக் கிளம்பும்போதே தெளிவாகத் தெரியும்; வளையும் பந்தும் விலகி ஓடாமல் உள்ளே வரும். முன்கூட்டி முடிவெடுக்க வேண்டியவருக்கு இது பெரிய உதவி. அப்படியும் சீசனின் பாதியில் சராசரி .215, ஆறே ஹோம் ரன். மீதி பதினெட்டும் பிற்பாதியில் வந்தவை.

செப்டம்பர் 23 இரவு, லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர் ஸ்டேடியத்தில், இடது கைக்காரரான ஆண்ட்ரூ ஹீனியின் ஃபாஸ்ட்பாலை 434 அடிக்கு அனுப்பினார். அது அவர் வாழ்நாளின் 699ஆவது ஹோம் ரன். அடுத்த இன்னிங்ஸில் எதிரே வந்த ஃபில் பிக்ஃபோர்ட் வலது கைக்காரர். ஐந்து வருடமாக இவரைத் தரையுருட்டலாக்கிய வகைப் பந்தையே, ஸ்லைடரையே, போட்டார். முந்திக் கிளம்பும் ஸ்விங், வளைந்து இறங்காமல் உயரத்தில் தங்கிவிட்ட ஸ்லைடரைப் பிளேட்டுக்கு முன்னாலேயே சந்தித்தால் பந்து உருளாது, எழும்பும். இடது பக்க வேலியைத் தாண்டி 389 அடி. அது 700ஆவது.