பெரிய முடிவு காத்திருக்கட்டும், சின்னப் பழக்கம் இன்றே தொடங்கட்டும்

"எல்லாம் நல்லதுக்குத்தான்." ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் முதல் சந்திப்பில் நான் இந்த வார்த்தையைச் சொல்வதே இல்லை. வேலை போனவரும், துணையை இழந்தவரும், மணமுறிவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேரே வருகிறவரும் அதைப் பலர் வாயிலாகக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் என் முன்னால் உட்காருகிறார்கள். மாற்றத்துக்குள் வாய்ப்பு இருக்கிறது என்று நானும் நம்புகிறேன். ஆனால் அதை அடுத்தவர் சொல்லிக் கேட்பது ஆறுதலாக இருப்பதில்லை.

நல்லது நடந்தும் தவிக்கிறவர்கள் உண்டு. பதவி உயர்வு பெற்றவர், புதிதாக மணமானவர், ஆசைப்பட்டு வேறு ஊருக்குக் குடிபோனவர். "சந்தோஷமாகத்தானே இருக்கணும், எனக்கு ஏன் அழுகை வருது?" என்று குற்றவாளி போலக் கேட்பார்கள். 1967-இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரஹே என்ற இரு மனநல மருத்துவர்கள் வாழ்க்கை நிகழ்வுகள் 43-ஐ வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்தார்கள். துணையின் மரணத்துக்கு 100. மணமுறிவுக்கு 73. திருமணத்துக்கு 50, வேலையை இழப்பதற்கு 47! அவர்கள் அளந்தது துக்கத்தை அல்ல. ஒரு நிகழ்வுக்குப் பிறகு வாழ்க்கையை எவ்வளவு மாற்றி அமைக்க வேண்டியிருக்கிறது என்பதை. அழுகை வந்தால் நீங்கள் நன்றி கெட்டவர் என்று அர்த்தமில்லை. பழகுவதற்கு நிறைய இருக்கிறது, அவ்வளவுதான்.

பணி ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). காலையில் குளித்து, சட்டை மாட்டி, போக இடமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவதாகச் சொன்னார். வேலையோடு சேர்ந்து என்னென்ன போயிற்று என்று எழுதிவரச் சொன்னேன். முதல் வாரம் சம்பளம், பதவி, மரியாதை என்று எழுதியிருந்தார். அடுத்த வாரம் அதை எல்லாம் அடித்துவிட்டு ஒரே வரி: "முன்பெல்லாம் யாராவது வந்து, 'இதை எப்படிச் செய்யறது சார்?' என்று கேட்பார்கள்."

அந்த வரிக்குப் பிறகுதான் எங்களால் மேற்கொண்டு பேச முடிந்தது. இழந்தது பதவி என்று நினைத்திருந்தவரை இன்னொரு பதவி தேடச் சொல்லத்தான் எல்லாருக்கும் தோன்றும். இழந்தது இன்னதென்று சரியாகப் பெயர் வைத்தால், தேட வேண்டியதும் தெரிந்துவிடுகிறது. நான் பார்த்தவரை வாய்ப்பு என்பது பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கிறது, இழப்பை ஒதுக்கி வைப்பதால் அல்ல.

எழுதுவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வேலையிழந்த பொறியாளர்களை வைத்து உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் குழு 1994-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த இழப்பைப் பற்றி மனம்விட்டு எழுதியவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வேறு வேலையில் சேர்ந்தார்கள்.

"நான் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறேன்?" என்று கேட்பவர்களும் நிறைய. துக்கத்துக்கு ஐந்து படிகள் என்று எங்கோ படித்திருப்பார்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969-இல் அதை விவரித்தது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பார்த்து. எல்லா இழப்புக்கும் பொருந்தும் ஏணி அது இல்லை. என் அனுபவத்துக்கு நெருக்கமாக இருப்பது துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் இருவரும் 1999-இல் சொன்னது: மனம் ஊசல் போல ஆடுகிறது. காலையில் வங்கி வேலையை முடித்துக்கொண்டு தெம்பாக வருவீர்கள், சாயங்காலம் ஒரு பழைய சட்டையைப் பார்த்து உடைந்துபோவீர்கள். இது பின்னடைவு இல்லை. இந்த ஆட்டம்தான் மீள்வது.

ஊசல் ஆடிக்கொண்டிருக்கும்போது வீட்டை விற்பது, கிடைத்த பணம் முழுவதையும் ஒரே தொழிலில் போடுவது போன்ற முடிவுகளை முடிந்தவரை தள்ளிப்போடுங்கள். கடனோ வாடகையோ நெருக்கினால் தள்ளிப்போட முடியாது, தெரியும். அப்போது இருக்கும் வழிகளில், பின்னால் திருத்திக்கொள்ளக் கூடியது எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

சின்னப் பழக்கங்களுக்கோ இதைவிட நல்ல நேரம் அமையாது. நம் பழக்கங்கள் இடத்தோடும் நேரத்தோடும் பின்னிக் கிடப்பவை. இடமும் நேரமும் மாறும்போது முடிச்சு தளர்கிறது. 800 பேரிடம் பாஸ் வெர்பிளாங்கனும் டெபோரா ராயும் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், சுற்றுச்சூழலுக்கு உகந்த பழக்கங்களுக்கு மாறக் கொடுத்த உதவி, புதிதாக வீடு மாறியவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பலன் தந்தது. அந்தச் சாதகம் குடிபோன முதல் மூன்று மாதம் வரைதான். பிறகு புது இடமும் பழைய இடம் போல இறுகிவிடுகிறது. அதனால் நடைப்பயிற்சியோ, படிப்போ, தினம் ஒருவரோடு தொலைபேசியில் பேசுவதோ, ஒன்றே ஒன்றை உடனே தொடங்குங்கள். 21 நாளில் பழகிவிடும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலி குழு அளந்தபோது நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18-இலிருந்து 254 வரை வேறுபட்டது. இரண்டாம் மாதமும் தடுமாறுகிறவர் சோம்பேறி இல்லை.

இத்தனையும் போதாத நிலை உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள், அன்றே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி உதவி பெறுங்கள். உங்கள் வீட்டில் ஒருவர் அப்படிச் சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள்.

அந்தப் பெரியவர் இப்போது வாரத்தில் இரண்டு நாள், புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்குக் கணக்கு எழுதச் சொல்லித்தருகிறார். ஊதியம் கிடையாது. போன முறை வந்தபோது கிளம்பும் அவசரத்தில் இருந்தார். யாரோ சந்தேகம் கேட்கக் காத்திருக்கிறார்களாம்.