வெள்ளைத் திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த திகதி

"தம்பி, வெள்ளையாத்தான் கிடக்கு."

இரணைமடு வாய்க்கால் வரம்பில் நின்று பக்கத்து வயல் அண்ணை ஃபோனை நீட்டினார். கமக்காரர் அமைப்புக்கு நான் செய்து கொடுத்த இணையத்தளம். சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்கும் திகதி அதில் இருந்தது. கிளிநொச்சி டவுனில் உடனே திறந்த பக்கம், சிக்னல் ஒற்றைக் கோட்டில் ஆடும் வயலில் திறக்க மறுத்தது.

வேடிக்கை என்னவென்றால், திகதி ஏற்கெனவே ஃபோனுக்குள் வந்துவிட்டது. வராதது அதன் உடுப்பு. நிறம், எழுத்தளவு, இடைவெளி எல்லாவற்றையும் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பு முழுதாக வரும்வரை உலாவி பொதுவாக எதையும் வரைந்து காட்டாது. சேவையகமும் தொடக்கத்தில் வழமையாக 10 பொதிகள், சுமார் 14 கிலோபைட் மட்டுமே அனுப்பும். 'கிடைத்தது' என்று பதில் போன பிறகுதான் மிச்சம். சிக்னல் மோசமான இடத்தில் அந்தப் போக்குவரத்து ஒவ்வொன்றும் நேரம் தின்னும்.

அதனால்தான் கோப்பைச் சுருக்குகிறார்கள். வரி முறிவுகள், உள்தள்ளல்கள், குறிப்புரைகள் எல்லாம் நம் கண்ணுக்குத்தான், உலாவிக்கு வேண்டாம். #336699 என்ற நிறத்தை #369 என்றாலும் அதே நீலம். 0.5 என்பதை .5 என்றாலும் போதும்.

தமிழில் குறிப்பு எழுதுகிற என்னைப் போன்றவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட்; தமிழில் குற்று, கொம்பு உட்பட ஒவ்வொரு குறிக்கும் 3. 'தண்ணீர் திறக்கும் நாள்' என்ற குறிப்பு மட்டும் 62 பைட்!

சரி, இடைவெளிதானே என்று நான் ஒருமுறை எல்லாவற்றையும் கையாலேயே அழித்தேன். அட்டவணை குலைந்துபோனது. ஒரு விதி எதற்குப் பொருந்தும் என்று சொல்லும் இடத்தில் '.அட்டவணை .நாள்' என்றால் அட்டவணைக்குள் இருக்கும் நாள். இடைவெளியை எடுத்து '.அட்டவணை.நாள்' என்றால் இரண்டு பெயரையும் ஒன்றாகத் தாங்கும் பெட்டி. அகலம் கணக்கிடும் இடத்தில் கழித்தல் குறிக்கு இருபுறமும் இடைவெளி இல்லாவிட்டால் அந்த வரியே செல்லாது. இதை சிஎஸ்எஸ்நானோ போன்ற கருவியிடம் விடுவதே புத்தி. மூலக் கோப்பு நம்மிடம் அப்படியே இருக்கும். சுருங்கிய பிரதி மட்டும் சேவையகத்துக்குப் போகும்.

உண்மையைச் சொன்னால், பெரிய வேலையைச் செய்வது, அனுப்பும்போது கோப்பை அடக்கும் ஜிஜிப் முறை. திரும்பத் திரும்ப வரும் துண்டுகளை அது 'முன்னே வந்ததுதான்' என்று சுட்டிக்காட்டி அடக்கிவிடும். வெற்று இடைவெளிகள் அதற்கு வெறும் பொரி. ஒன்றுபோல் ஒன்றில்லாத குறிப்புரைகள் அவ்வளவு சுருங்கா. முன்கூட்டியே நீக்கினால் ஆதாயம் அங்கேதான். நான் இரண்டையும் செய்தேன். பயன்படாத விதிகளையும் தூக்கினேன்.

அடுத்த முறை அதே வரம்பில் பக்கம் திறந்தது. அண்ணை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"எழுத்தைக் கொஞ்சம் பெரிசாக்கு தம்பி."

16-ஐ 20 ஆக்கினேன். ஒரு பைட்டும் கூடவில்லை.