ரீமேப் போட்ட காருக்கு பிரேக்: முதலில் ஆயில், அடுத்து பேட், கடைசியில்தான் டிஸ்க்

வோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜிடி, ஸ்கோடா ஸ்லாவியா மாதிரி 1.5 லிட்டர் டர்போ வண்டிகள் கம்பெனியிலிருந்தே 150 குதிரைத்திறனோடு வருகின்றன. எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றும் ரீமேப் போட்டால் இன்னும் ஏறுகிறது. போட்ட கையோடு அடுத்த கேள்வியும் வந்துவிடும்: "பெரிய டிஸ்க் மாட்டினால் வண்டி எவ்வளவு சீக்கிரம் நிற்கும்?" (டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் தட்டு; அதை இரு பக்கமும் உரசி நிறுத்துவது பேட்.)

ஒரே ஒரு முறை அழுத்தி மிதிப்பதாக இருந்தால், கொஞ்சமும் சீக்கிரம் நிற்காது. காய்ந்த ரோட்டில் முழு பலத்தோடு மிதிக்கும்போது ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்து பெடல் காலடியில் அதிர்கிறது என்றால், கம்பெனி பிரேக்குக்கே டயரின் பிடிமானத்தை மிஞ்சும் பலம் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் எத்தனை பிஸ்டன் காலிப்பர் (பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) போட்டாலும் வண்டியை நிறுத்துவது டயர்தான். நிற்கும் தூரம் குறைய வேண்டுமென்றால் அந்தப் பணத்தை நல்ல டயரில் போடுங்கள்.

அப்படியானால் பிரேக்கை ஏன் மாற்ற வேண்டும்? சூட்டுக்காக. 1,400 கிலோ வண்டி 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 540 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. 140-லிருந்து நின்றால் அது 1,060. வேகம் கூடியது 40 சதவீதம், சூடு கூடியது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதில் 70 சதவீதம் முன்பக்கம் போகிறது என்று வைத்தால், 7 கிலோ எடையுள்ள ஒரு முன் டிஸ்க் 100-லிருந்து ஒரு முறை நிறுத்தும்போது 55 டிகிரி வரை ஏறும். 140-லிருந்து என்றால் 105. ஆற நேரம் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சுற்றுக்குச் சுற்று மிதிக்கும்போது அந்த நேரம் கிடைப்பதில்லை.

மலையில் கணக்கு இன்னும் மோசம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளோ, வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்கும் 40 வளைவுகளோ, எதுவானாலும் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியேற வேண்டிய ஆற்றல், 100 கி.மீ. வேகத்திலிருந்து 25 முறை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். காற்றும் எஞ்சினும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். ஆட்டோமேட்டிக்கை 'டி'யிலேயே விட்டு இறங்குகிறவர் எஞ்சினின் பங்கையும் சேர்த்து டிஸ்க்கின் தலையில் கட்டுகிறார்.

சூடு ஏறி பிரேக் விடுவதில் இரண்டு வகை உண்டு. எது என்று பெடலே சொல்லிவிடும். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது, வண்டி மட்டும் வழுக்கிக்கொண்டு போகிறது என்றால் பேட் தோற்றுவிட்டது; அதிலுள்ள ரெசின் சூட்டில் வாயுவாகி உராய்வு விழுந்திருக்கிறது. பெடல் மெத்து மெத்தென்று தரை வரை போகிறது என்றால் ஆயில் கொதித்திருக்கிறது. குழாயில் இருப்பது திரவமல்ல, ஆவி. முதல் வகை மெல்ல மெல்ல வருவதால் சுதாரிக்க நேரம் கிடைக்கும். இரண்டாவது ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவில் வந்து நிற்கும். இறங்கி முடித்ததும் டீக்கடையில் நிறுத்தினால் இதற்கு இன்னும் வசதி. ஓட்டத்தில் கிடைத்த காற்று நின்றுபோய், டிஸ்க்கின் சூடு காலிப்பருக்குள் இறங்கி, நின்ற இடத்திலேயே ஆயில் கொதிக்கலாம். கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர் பிரேக்கைத் தொடாமல் ஆற விட்டு ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

ஆகவே முதல் செலவு பிரேக் ஆயில். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி. காற்றின் ஈரத்தை இழுத்து 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அது 155-க்கு விழுகிறது. டாட் 5.1-க்கு இந்த எண்கள் 260, 180. கடலோர ஊர்களில் மூன்று நான்கு வருடம் மாற்றாத ஆயிலோடு ஓடும் வண்டிக்குப் பெரிய டிஸ்க் வாங்குவதில் பொருளே இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, டிராக்குக்குப் போகிற வண்டி என்றால் சீசனுக்கு ஒரு முறை மாற்றுங்கள். நான்கு சக்கரமும் சேர்த்து ஒரு லிட்டர் கையில் இருக்கட்டும். குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும் (ஏர் எடுக்கும்) சக்கர வரிசையை வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். பெயர் ஒன்று போலிருக்கிறதே என்று சிலிகான் வகையான டாட் 5-ஐ ஊற்றிவிடாதீர்கள். மற்றவற்றோடு அது கலக்காது, ஏபிஎஸ்ஸுக்கும் ஆகாது.

அடுத்தது பேட். மாற்றத்தை உடனே உணர்வது இதில்தான். பேட்டின் ஓரத்திலோ பின்தகட்டிலோ அச்சிட்ட எண் வரிசையில் இரண்டு எழுத்துகளைத் தேடுங்கள். முதல் எழுத்து சாதாரண சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில். 'இ' (E) என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35, 'எஃப்' (F) 0.35 முதல் 0.45, 'ஜி' (G) 0.45 முதல் 0.55. 'எஃப்இ' (FE) என்று இருந்தால் சூடேறும்போது பிடி குறையும் பேட் அது, மலைக்கு எடுக்காதீர்கள். ஆனால் இந்த எழுத்து எவ்வளவு சூடு வரை தாங்கும் என்பதை முழுதாகச் சொல்லாது. அதற்குத் தயாரிப்பாளர் தரும் வெப்ப வரம்பைத்தான் பார்க்க வேண்டும்.

ரேஸ் பேட் வாங்கி ஆபீஸுக்கு ஓட்டுகிறவர்கள் உண்டு. அதற்குச் சூடு வேண்டும். காலையில் முதல் சிக்னலில், அதுவும் மழையில், கம்பெனி பேட்டை விட மோசமாகப் பிடிக்கும், டிஸ்க்கையும் தின்னும். தினசரி ஓட்டம், மாதம் ஒரு மலை என்றால் 'ஃபாஸ்ட் ரோடு' ரகமே போதும். ஐரோப்பாவில் விற்கும் பேட்டில் ஈசிஇ ஆர்90 முத்திரை இருந்தால், அது கம்பெனி பேட்டின் செயல்பாட்டுக்கு நெருக்கமாகச் சோதிக்கப்பட்டது என்று பொருள். டிராக் பேட்களில் இந்த முத்திரை பெரும்பாலும் இருக்காது.

இந்த இரண்டையும் செய்தும் டிராக்கில் பிரேக் விடுகிறது என்றால்தான் டிஸ்க். ஓட்டை போட்ட டிஸ்க் பார்க்க அழகு. அதிகச் சூடு வாங்கும் வண்டிக்கு அந்த ஓட்டைதான் பலவீனம். விரிசல் ஓட்டையிலிருந்து ஓட்டைக்கு ஓடும். எங்கள் ஓட்டு கம்பெனி அளவிலேயே நல்ல தரமான பிளெய்ன் டிஸ்க்குக்கு. டிராக்குக்குப் போனால் கோடு வெட்டிய டிஸ்க்குக்கு. கோடு வெட்டியதில் பிரேக் பிடிக்கும்போது ஒரு உறுமல் கேட்கும், பேட்டும் கொஞ்சம் சீக்கிரம் தேயும். டிஸ்க்கின் உள்ளே, காற்று போவதற்கான வளைந்த இறகுகள் இருந்தால் இடது, வலது மாறக்கூடாது. திசையைத் தீர்மானிப்பது வெளியில் தெரியும் கோடு அல்ல, உள்ளே இருக்கும் இறகு. வண்டி முன்னால் போகும்போது இறகின் வெளிநுனி பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய டிஸ்க் வாங்குகிறவர்கள் அளந்து வாங்குங்கள். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். புதிதில் 25 மி.மீ. இருந்தால் பெரும்பாலும் 22. வெர்னியரை வைத்து அளந்தால் தேயாமல் நிற்கும் ஓர விளிம்பில் அதன் தாடை உட்கார்ந்து, 21.5 உள்ள டிஸ்க்கை 23 என்று காட்டும். மைக்ரோமீட்டரால், பேட் உரசும் இடத்தில், ஆறேழு இடங்களில் அளக்க வேண்டும்.

மாட்டும்போதுதான் பாதி டிஸ்க் கெடுகிறது. ஹப்பின் (டிஸ்க் உட்காரும் சக்கர மையத்தின்) முகத்தில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேய்த்து எடுங்கள். அங்கே ஒரு துருச் செதில் சிக்கினால் டிஸ்க்கின் விளிம்பில் அது பெரிதாகத் தெரியும். மாட்டி, எல்லா போல்ட்டையும் முடுக்கி, டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் டிஸ்க்கின் பக்கவாட்டு ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருப்பது நல்லது. கூடினால் டிஸ்க்கை ஒரு போல்ட் தள்ளித் திருப்பி மாட்டிப் பாருங்கள். சில ஆயிரம் கிலோமீட்டரில் ஸ்டீரிங் அதிர ஆரம்பித்து "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று வரும் வண்டிகளில் பெரும்பாலும் வளைந்த டிஸ்க் இருக்காது. ஆட்டத்தால் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து தடிமன் மாறியிருக்கும், அல்லது பேட்டின் பொருள் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். லேத்தில் கொடுத்து வெட்டினாலும், ஹப் துருவோடு இருந்தால் அதிர்வு திரும்ப வரும்.

காலிப்பரை ஹோஸில் தொங்க விடாதீர்கள், கம்பியால் கட்டுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் ஆயில் டப்பாவின் மட்டத்தைப் பாருங்கள். வழிந்தால் பெயின்ட் போகும். எலக்ட்ரிக் ஹேண்ட்பிரேக் உள்ள பின் காலிப்பரை ஸ்கேனரில் சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோகாமல் அழுத்தினால் மோட்டார் காலி. காலிப்பர் நகரும் ஸ்லைடு பின்னுக்கு சிலிகான் கிரீஸ் மட்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைத்துப் பின்னை இறுக்கிவிடும், ஒரு பக்கப் பேட் மட்டும் தேயும். டிஸ்க்கின் எண்ணெய்ப் பூச்சை பிரேக் கிளீனரால் துடையுங்கள். வீல் போல்ட்டை ஏர் கன்னால் அடித்து முடிக்காமல் டார்க் ரெஞ்சால், குறுக்கு வரிசையில் முடுக்குங்கள். வோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்கள் பலவற்றில் 120 நியூட்டன் மீட்டர். வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். இதை மறந்து ஷெட் சுவரில் முட்டிய வண்டிகள் ஊருக்கு ஊர் உண்டு.

பிறகு பேட்டைப் படிய வைப்பது. முன்னும் பின்னும் யாரும் இல்லாத நேரான சாலையில், 60-லிருந்து 20 வரை மிதமாக எட்டு முறை, அடுத்து 90-லிருந்து 20 வரை ஏபிஎஸ் வராத அளவுக்கு அழுத்தமாக எட்டு முறை. நடுவில் எங்கும் முழுதாக நிற்கக் கூடாது. நின்றால் பேட் உட்கார்ந்த இடம் டிஸ்க்கில் அச்சாகப் பதியும். முடிந்ததும் பிரேக்கைத் தொடாமல் கால் மணி நேரம் ஓட்டி ஆற விடுங்கள். பேட் தயாரிப்பாளர் வேறு முறை சொன்னால் அதுவே சரி.

2022-இல் வந்த விர்ட்டஸ், ஸ்லாவியா வண்டிகளில் பின்னால் டிஸ்க் அல்ல, டிரம் பிரேக். முன்னால் மட்டும் கடும் உராய்வுள்ள பேட்டும் பெரிய காலிப்பரும் போட்டால் வேலை முழுதும் முன்பக்கம் போய், முன் ஏபிஎஸ் சீக்கிரமே வெட்ட ஆரம்பிக்கும். பின் டயரின் பிடிமானம் வீணாகும். முன், பின் பிரேக் அழுத்தத்தைப் பிரித்துத் தரும் ஈபிடி பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கத் தெரிந்தது, கூட்டித் தராது. முன் பேட்டை மாற்றும் அன்றே பின் டிரம்மைக் கழற்றித் தூசி துடைத்து, லைனிங்கையும் அட்ஜஸ்டரையும் பாருங்கள். தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பிரேக் கிளீனர் அடித்து நனைத்துத் துடையுங்கள்.