அக்குவி: பேயா, பிசாசா?

அக்குவி (கொரியம், பெயர்ச்சொல்): ஆளைப் பிடித்துக்கொண்டு, கெடுத்து, உயிரையும் வாங்கும் ஆவி. 2023 ஜூன், ஜூலை மாதங்களில் தென்கொரியாவின் எஸ்.பி.எஸ். தொலைக்காட்சியில் 12 பகுதிகளாக வந்த தொடரின் பெயரும் இதுதான். எழுதியவர் கிம் ஊன்-ஹீ. வெளிநாடுகளில் டிஸ்னி பிளஸ் வழியாக ‘ரெவனன்ட்’ ஆனது. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு ‘திரும்பி வந்தவர்’ என்று பொருள். தீமை அதில் இல்லை.

சொல் சீன எழுத்து வழியாகக் கொரியத்துக்கு வந்தது. ‘அக்’ என்றால் தீமை. ‘குவி’ என்றால் பேய். கொரியர் அன்றாடம் பேயைச் சொல்லும் ‘குவிஷின்’ என்பதிலும் இதே ‘குவி’ இருக்கிறது.

‘க்’ என்ற ஒற்றெழுத்தை விட்டுவிட்டால் வேறு சொல். ‘அகுவி’ என்பது பௌத்தம் சொல்லும், பசி தீராமல் அலையும் ஆவி. சமஸ்கிருதத்தின் ‘பிரேத’ சீனத்தில் ‘பசித்த பேய்’ என்று மொழிபெயர்ந்து கொரியா சேர்ந்தது. தமிழில் பிரேதம் பிணமாகிவிட்டதால், அகுவிக்குப் பசிப்பேய் என்பதே பொருந்தும். தொடரில் இரண்டுமே வருகின்றன. குழப்பிக்கொண்டால் கதை பிடிபடாது.

அரசுப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டே கிடைத்த வேலைகளைச் செய்யும் கு சான்-யோங், இறந்த அப்பா விட்டுப்போன சிவப்புக் கூந்தல் நாடாவை வாங்குகிறாள். அக்குவி அவளைப் பிடித்துக்கொள்கிறது. பேய்களைக் காணக்கூடிய நாட்டாரியல் பேராசிரியர் யோம் ஹே-சாங் துணைக்கு வருகிறார். அதை ஒழிக்க அதன் பெயர் தெரிய வேண்டும். மர்மம் முழுவதும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. அக்குவியின் வேர் ‘யொம்மே’ என்னும் சூனியம்: குழந்தையைப் பட்டினி போட்டுக் கொன்று, அதன் ஆவியைக் கட்டி ஏவுவது. எழுத்தாளரின் கற்பனை அல்ல இது. 18ஆம் நூற்றாண்டு அறிஞர் யி இக் தம் ‘சொங்ஹோ சாசொல்’ நூலில் இந்தக் கொடுமையைப் பதிவு செய்திருக்கிறார்.

பார்வையாளர்கள் கைவிடவில்லை. கொரியாவில் முதல் பகுதியின் பார்வையாளர் விகிதமே 10 விழுக்காட்டை நெருங்கியது. கடைசிப் பகுதி 11 விழுக்காட்டைத் தாண்டியது. பெரும் பங்கு நாயகியாக நடித்த கிம் தே-ரிக்கு உரியது. ஒரே முகத்தில், பார்வையையும் குரலையும் மட்டும் மாற்றி, சான்-யோங்காகவும் அக்குவியாகவும் நின்றார். ஆண்டு இறுதியில் எஸ்.பி.எஸ். நாடக விருது விழாவின் உச்ச விருதை நடிகர் லீ ஜே-ஹூனோடு பகிர்ந்துகொண்டார்.

இனி அக்குவிக்கான தமிழ்ச் சொல். ‘பிசாசு’ ஒத்துவராது, தேவாலய வழக்கில் அது சாத்தானையும் குறிக்கும், இங்கே இருப்பதோ ஒருகாலத்தில் பெயரோடு வாழ்ந்த மனித உயிர். ‘துர்தேவதை’யும் அப்படித்தான், அது தெய்வ வரிசையில் போய்விடும். குறளில் (850) வரும் ‘அலகை’ அழகான சொல், ஆனால் இன்று விளக்கம் சொல்லாமல் எழுத முடியாது. என் தேர்வு ‘கொடும்பேய்’. செத்தவர் பேயாவார் என்ற நம் ஊர்ப் பொருள் அதில் அப்படியே இருக்கிறது. கொரிய ‘குவி’யும் அதைத்தான் சொல்கிறது. ‘தீய ஆவி பிடித்தவள்’ என்பதில் மொழிபெயர்ப்பு வாடை வீசும். ‘கொடும்பேய் பிடித்தவள்’ என்றால் வாக்கியம் தானாக நிற்கிறது.