இரண்டு லிட்டரும் ஆறு நிமிடமும்

என் அண்ணனுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவருக்கு 54 வயது. அதற்கு முன் ஒரு வருடத்துக்கும் மேலாக மலத்தோடு அவ்வப்போது ரத்தம் வந்திருக்கிறது. மூலம் என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டார். துத்திக்கீரை சாப்பிட்டார், காரத்தைக் குறைத்தார், யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆபரேஷன் முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். அவரை வீட்டுக்கு அனுப்பிய அன்று டாக்டர் என் பக்கம் திரும்பி, “உங்களுக்கு என்ன வயசு சார்?” என்றார். 47 என்றேன். “அப்ப நீங்க ஏழு வருஷம் லேட்” என்றார்.

பெற்றோருக்கோ கூடப் பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால் ஒரு கணக்கு உண்டு. உங்களுடைய 40-ஆவது வயது, அல்லது அவருக்கு நோய் தெரிந்த வயதில் பத்தைக் கழித்தால் வருவது, இரண்டில் எது முன்னால் வருகிறதோ அப்போது கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா வைத்த குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்துகொள்ள வேண்டும். குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்களுக்கு அமெரிக்காவில் நெடுங்காலம் 50 வயது என்று வைத்திருந்தார்கள். இளவயதுக்காரர்களுக்கும் இது கூடிக்கொண்டே போனதால் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2018-இல் அதை 45 ஆக்கியது; 2021-இல் அந்நாட்டின் நோய்த்தடுப்புப் பணிக்குழுவும் அதையே சொன்னது. நம் நாட்டில் இந்தப் புற்றுநோய் மேலைநாடுகள் அளவுக்கு இல்லை. அரசின் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் என்று மூன்று புற்றுநோய்கள்தான் இருக்கின்றன. அதனால் நமக்கு யாரும் கடிதம் போட்டுக் கூப்பிடப்போவதில்லை. வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்கள் தாங்களாகவே போக வேண்டும்.

இதெல்லாம் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கான பேச்சு. மலத்தில் ரத்தம், காரணம் தெரியாத ரத்தசோகை, மலம் போகும் வழக்கத்தில் வாரக்கணக்கில் மாற்றம் என்று ஏதாவது இருந்தால் வயதைப் பார்க்காமல் டாக்டரிடம் போங்கள். மூலமாகவே இருக்கலாம். அதையும் அவர் பார்த்துச் சொல்லட்டும்.

சரி, ஒன்றுமே இல்லாதவர் எதற்காகக் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும்? பெருங்குடலின் உட்தோல் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. பழைய செல்கள் உதிர, அடியிலிருந்து புதியவை மேலே வருகின்றன. இத்தனை வேகமாகச் செல்கள் பெருகும் இடத்தில் மரபணுவில் பிழை விழுவது சகஜம். பெரும்பாலும் முதலில் பழுதாவது ‘ஏபிசி’ (APC) என்ற மரபணு. செல் பெருக்கத்துக்கு அதுதான் பிரேக். பிரேக் போனதும் அந்த இடத்தில் உட்தோல் மரு மாதிரி தடித்து எழும்புகிறது. அதுதான் பாலிப். அப்புறம் இன்னொரு பிழை, அதற்கப்புறம் வேறொன்று என்று சேர்ந்துதான் புற்றுநோயாகிறது. இந்தப் படிக்கட்டை 1990-இல் எரிக் ஃபியரன், பெர்ட் வோகல்ஸ்டீன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வரிசையாக எடுத்து எழுதினார்கள். பாலிப்களில் பெரும்பாலானவை புற்றுநோயாவதே இல்லை. ஆனால் பெருங்குடல் புற்றுநோய் ஏறக்குறைய எப்போதும் ஒரு பாலிப்பிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அதற்குப் பொதுவாகப் பத்து வருடம்கூட ஆகும்.

அந்தப் பத்து வருட அவகாசம்தான் நமக்குக் கிடைத்த வரம். நோய் வந்த பிறகு கண்டுபிடிப்பது ஒரு வகை. நோயாக மாறக்கூடியதை முன்கூட்டியே கிள்ளி எடுத்துவிடுவது இன்னொரு வகை. கொலோனோஸ்கோபி இரண்டாவதையும் செய்யும். 1969-இல் நியூயார்க்கில் வில்லியம் உல்ஃப், ஹிரோமி ஷின்யா என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் ஸ்கோப் என்கிற அந்தக் குழாய் வழியாகவே கம்பிச் சுருக்கை விட்டுப் பாலிப்பை எடுத்துக் காட்டும் வரை, குடலின் உள்ளே தள்ளி இருக்கும் பாலிப்புக்கு வயிற்றைத் திறப்பதுதான் வழியாக இருந்தது.

இனி நீங்கள் செய்ய வேண்டிய பாதிக்கு வருகிறேன். இந்தப் பரிசோதனை உருப்படியாக அமைவது பெரும்பாலும் முந்தின நாள் உங்கள் வீட்டில்தான் முடிவாகிறது. குடல் சுத்தமாக இல்லையென்றால் எவ்வளவு பெரிய நிபுணராலும் ஒட்டிக்கிடக்கும் கசடுக்குப் பின்னால் இருக்கும் 5 மில்லிமீட்டர் பாலிப்பைப் பார்க்க முடியாது.

இரண்டு மூன்று நாளுக்கு முன்பே நார் நிறைந்ததை விடச் சொல்வார்கள். கீரை, கொய்யா, தக்காளி விதை, கேழ்வரகு, கம்பு எல்லாம் வேண்டாம். வெள்ளைச் சோறு, இட்லி, தயிர் போதும். முந்தின நாள் தெளிந்த நீராகாரம் மட்டும்: இளநீர், வடிகட்டிய ரசம், வடிகட்டிய எலுமிச்சை ஜூஸ், பால் இல்லாத டீ. பீட்ரூட், மாதுளை ஜூஸ், ரோஸ் சிரப் போன்ற சிவப்பு எதுவும் கூடாது. குடலில் தங்கினால் ரத்தம் மாதிரியே தெரியும். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அது மலத்தைக் கறுப்பாக்கிப் பிசின் போல ஒட்ட வைக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்களும் சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்களும் டாக்டரிடம் கேட்காமல் எதையும் நிறுத்தவும் கூடாது, தொடரவும் கூடாது.

அப்புறம் குடலைக் கழுவுவதற்கான அந்தப் பவுடர். இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அதன் மேல் மரியாதையே வந்துவிட்டது. ஒரு நாளைக்கு நம் சிறுகுடலுக்குள் உணவு, எச்சில், செரிமானச் சுரப்புகள் என்று எல்லாம் சேர்ந்து சுமார் 9 லிட்டர் திரவம் வந்து சேர்கிறது. சிறுகுடலும் பெருங்குடலும் உறிஞ்சியது போகக் கடைசியில் மலத்தோடு போவது 100, 200 மில்லி. குடித்த தண்ணீரையெல்லாம் இப்படி உறிஞ்சிக்கொள்ளும் உறுப்பை வெறும் தண்ணீர் குடித்துக் கழுவ முடியுமா? பவுடரில் இருக்கும் பாலிஎத்திலீன் கிளைகால் என்ற மூலக்கூறு குளுக்கோஸைப் போல ஏறத்தாழ 20 மடங்கு பெரியது. குடல் சுவர் அதை உள்ளே விடாது. அது தன்னோடு இருக்கும் தண்ணீரை விடாது. ஆக, குடித்தது அப்படியே வழிநெடுகக் கழுவிக்கொண்டு வெளியே வருகிறது. கூடவே கலந்திருக்கும் உப்புகளின் அளவு நம் ரத்தத்தோடு ஒத்துப்போகும்படி இருப்பதால் உடம்பிலிருந்து உப்பும் நீரும் பெரிதாக இழுபடுவதில்லை. அத்தனை தடவை போன பிறகும் சாதாரண வயிற்றுப்போக்கில் வருவது போல ஆளைச் சாய்க்காததற்கு இதுதான் காரணம்.

இந்தக் கலவை 1980-இல் வந்தது. அதற்கு முன் மானிட்டால் என்ற சர்க்கரை வகையைக் கொடுத்துக் கழுவினார்கள். குடல் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து ஹைட்ரஜன், மீத்தேன் வாயுக்களை உண்டாக்கும். பாலிப்பை மின்சாரத்தில் சுட்டு எடுக்கும்போது அந்த வாயு தீப்பிடித்து ஒரு நோயாளி இறந்துபோனதை 1979-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இப்போதைய பவுடரை பாக்டீரியாவாலும் ஒன்றும் செய்ய முடியாது.

எனக்குக் காலை 10 மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு முதல் லிட்டர், கால் மணிக்கு ஒரு டம்ளர். கடல் தண்ணீரைக் கொஞ்சம் இனிப்பாக்கியது போன்ற சுவை, நாக்கில் ஒரு வழவழப்பு. மூன்றாவது டம்ளரில் வயிறு உப்பிக் குமட்டியது. கொஞ்சம் நடந்தேன், சரியானது. ஃபிரிட்ஜில் வைத்துக் குடித்தால் எளிதாக இறங்குகிறது. ஏழேகாலுக்கு ஆரம்பித்தது, பத்தரை வரை கழிப்பறைக்கும் கட்டிலுக்குமாக நடை. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டதால் எரிச்சல் குறைந்தது. அதிகாலை நாலரைக்கு எழுந்து இரண்டாவது லிட்டர். ராத்திரியே முழுவதையும் குடித்துவிட்டால் என்ன என்று எனக்கும் தோன்றியது. கூடாது. இரவெல்லாம் சிறுகுடலிலிருந்து பித்தம் கலந்த பசை இறங்கிப் பெருங்குடலின் வலப்பக்கத்தில் பூசிக்கொள்ளும். தட்டையான, கண்ணில் எளிதில் படாத பாலிப்கள் அதிகம் இருப்பதும் அந்தப் பக்கம்தான். விடியற்காலை லிட்டர் அதைக் கழுவுவதற்கு.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்ட முதல் கேள்வி: “கடைசியா போனது என்ன கலர்ல இருந்துச்சு சார்?”

“லேசா மஞ்சளா, தண்ணி மாதிரி.”

“கசடு?”

“இல்லம்மா.”

“அப்ப ஓகே.”

பின்பக்கம் திறந்த கவுன், கையில் டிரிப்ஸ் ஊசி, விரலில் கிளிப், மூக்கில் ஆக்சிஜன். இடப்பக்கமாக ஒருக்களித்து முழங்காலை மடக்கிப் படுக்கச் சொன்னார்கள். நரம்பில் மருந்து போனது. அடுத்து எனக்கு நினைவிருப்பது, பக்கத்து அறையில் யாரோ என் பெயரைச் சொல்லி எழுப்பியது. சிலருக்கு லேசான மயக்கம்தான் கொடுப்பார்கள். குரல்கள் கேட்கும், வயிற்றில் ஓர் இழுப்பு தெரியும். வெட்கப்பட்டே இதைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: திறந்திருப்பது பின்னால் ஒரு கையகலம், மீதி உடம்பு முழுக்கப் போர்வை. அங்கே இருப்பவர்களின் கண் திரையில்தான் இருந்தது.

நான் தூங்கிய நேரத்தில் நடந்ததைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஸ்கோப் சுண்டுவிரல் தடிமனுக்குள் அடங்கும், நீளம் ஒன்றரை மீட்டருக்கு முன்பின். நுனியில் விளக்கு, கேமரா, தண்ணீர் பீய்ச்ச ஒரு துளை, கருவி நுழைய ஒரு துளை. குடலும் ஒன்றரை மீட்டர்தான், ஆனால் முழுவதையும் தள்ள வேண்டியதில்லை. கொஞ்சம் உள்ளே விட்டு, நுனியை மடக்கிப் பிடித்து, பின்னால் இழுப்பார்கள். பாவாடை நாடாவில் துணி சுருங்கிச் சேர்வது போலக் குடல் ஸ்கோப்பின் மேல் சுருங்கிச் சேரும். நேராக வைத்துவிட்டால் 70, 80 சென்டிமீட்டரிலேயே மறுகோடிக்குப் போய்விடலாம். சிக்மாய்டு என்ற வளைவில்தான் ஸ்கோப் சுருண்டுகொள்ளும். அப்போது நர்ஸ் வெளியிலிருந்து வயிற்றை அமுக்கிப் பிடிப்பார். எனக்கு மறுநாள் இடப்பக்கம் லேசாக வலித்தது அதனால்தான்.

மறுகோடிக்குப் போனதற்கு அடையாளம் வேண்டும். எனக்குக் கொடுத்த ரிப்போர்ட்டில் எட்டு வண்ணப் படங்கள் இருந்தன. முதல் படத்தில் பிறை போல ஒரு சின்ன மடிப்பு: அப்பெண்டிக்ஸின் வாய். நேரம் 10:22. கடைசிப் படத்தில் 10:34. இந்தப் பன்னிரண்டு நிமிடம்தான் உண்மையான பரிசோதனை. உள்ளே போவது வெறும் பயணம். வெளியே இழுக்கும்போதுதான் ஒவ்வொரு மடிப்புக்குப் பின்னாலும் எட்டிப் பார்க்கிறார்கள். இழுப்பதற்கு ஆறு நிமிடமாவது எடுத்துக்கொள்ளும் டாக்டர்கள் அவசரப்படுபவர்களைவிட அதிகம் பாலிப் கண்டுபிடிக்கிறார்கள் என்று 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. இப்போது எட்டு நிமிடம் என்று சொல்கிறார்கள். போகுமுன் இதை டாக்டரிடம் கேட்கலாம். நல்லவர் கோபப்பட மாட்டார்.

ஆரோக்கியமான குடல் படத்தில் அழகாகவே இருக்கிறது. ஈரமான இளஞ்சிவப்பு, அதன் மேல் அரச இலை நரம்பு போல ரத்தக்குழாய்கள். ஐந்தாவது படத்தில் அந்த நரம்புக்கோலம் ஓரிடத்தில் அறுந்து, ஒரு பயறு அளவுக்கு மேடு. 6 மில்லிமீட்டர். அடுத்த படத்தில் அதைச் சுற்றிக் கம்பிச் சுருக்கு. அதற்கடுத்த படத்தில் சின்னதாக ஒரு பள்ளம், இரண்டு சொட்டு ரத்தம். சிறிய பாலிப்பைச் சுடாமல், சுற்றியுள்ள நல்ல தோலையும் கொஞ்சம் சேர்த்துச் சுருக்கிலேயே அறுத்துவிடுகிறார்கள். குடலின் உட்தோலுக்கு வெட்டும் வலி தெரியாது. இழுபட்டால், உப்பினால் மட்டும் வலிக்கும். 4 மில்லிமீட்டரில் இன்னொன்றும் இருந்தது. அதையும் எடுத்துவிட்டார்கள்.

விழித்ததும் காற்று பிரிந்துகொண்டே இருக்கும். அடக்காதீர்கள், அதற்காகத்தான் அங்கே படுக்க வைத்திருக்கிறார்கள். அன்று வண்டி ஓட்டக் கூடாது, முக்கியமான தாள்களில் கையெழுத்து வேண்டாம், கூட ஒருவர் இருக்க வேண்டும். குடலில் ஓட்டை விழும் அபாயம் ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. பாலிப் எடுத்த இடத்தில் இரண்டு வாரம் வரைகூட ரத்தம் கசியலாம். வயிறு கடுமையாக வலித்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, ரத்தம் கணிசமாகப் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இவ்வளவுக்கும் பலன் எவ்வளவு? அமெரிக்காவில் புற்றாகக்கூடிய பாலிப் எடுக்கப்பட்டவர்களை நெடுங்காலம் தொடர்ந்து பார்த்ததில், பொதுமக்களிடையே எதிர்பார்க்கக்கூடியதைவிட இந்த நோயால் இறப்பது 53 சதவீதம் குறைந்திருந்தது என்று 2012-இல் அறிவித்தார்கள். 2022-இல் ஐரோப்பாவிலிருந்து வந்த பெரிய ஆய்வு கொஞ்சம் அடக்கமான எண்ணைச் சொன்னது: கொலோனோஸ்கோபிக்கு அழைக்கப்பட்டவர்களிடம் பத்து வருடத்தில் நோய் 18 சதவீதம் குறைந்தது. ஆனால் அழைத்தவர்களில் வந்தவர்கள் 42 சதவீதம் பேர்தான். வராதவர்களையும் சேர்த்து எண்ணிய கணக்கு அது. குழாய் வேண்டவே வேண்டாம் என்பவர்களுக்கு, கண்ணுக்குத் தெரியாத ரத்தம் மலத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபிட் சோதனை இருக்கிறது. குடும்ப வரலாறு இல்லாதவர்களுக்கு அது நல்ல வழிதான். வருடாவருடம் செய்ய வேண்டும். ரத்தம் இருக்கிறது என்று வந்தால் கொலோனோஸ்கோபி செய்தே ஆக வேண்டும்.

எடுத்த பாலிப்களின் பயாப்ஸி முடிவு ஒரு வாரத்தில் வந்தது. இரண்டுமே ‘அடினோமா’ வகை, அதாவது படிக்கட்டில் முதல் படியில் இருந்தவை. ஒன்றும் இல்லையென்றால் சாதாரணமாகப் பத்து வருடம் கழித்து வந்தால் போதும். அண்ணனுக்கு 60 வயதுக்கு முன்பே வந்ததால் எனக்கு ஐந்து வருடம்.

எங்களுக்கு ஒரு தங்கை இருக்கிறாள், 41 வயது. தை மாதத்தில் அவளுக்குத் தேதி வாங்கியாகிவிட்டது. முதல் நாள் மத்தியானமே நான் அங்கே போய்விடுவேன். பவுடரைக் கரைத்து ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், நாலரைக்கு அவளை எழுப்ப வேண்டும்.