ஒரே சுரம், முக்கால் மணி நேரம்: கென்னி ஜியின் மூச்சு எப்படி வேலை செய்கிறது?

1997-ல் நியூயார்க்கில் ஜே அண்ட் ஆர் மியூசிக் வேர்ல்ட் என்ற கடையில் வைத்து கென்னி ஜி தன் சாக்ஸபோனில் இ ஃப்ளாட் சுரத்தைப் பிடித்தார். 45 நிமிடம் 47 வினாடி கழித்துத்தான் விட்டார். நடுவில் சுரம் ஒரு இடத்திலும் அறுபடவில்லை, கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. (2000-ல் வான் பர்ச்ஃபீல்ட் என்ற இன்னொரு அமெரிக்கக் கலைஞர் 47 நிமிடத்தைத் தாண்டி அதை முறியடித்தார்.) ஆரோக்கியமான ஒரு ஆள் மூச்சை முழுதாக இழுத்து முழுதாக விட்டால் வெளியே வரும் காற்று நாலைந்து லிட்டர்தான். அதை எவ்வளவு சிக்கனமாகச் செலவழித்தாலும் ஒரு நிமிடம் ஓட்டுவதே பெரிய காரியம். அப்படியென்றால் மீதி நாற்பத்து நாலு நிமிடத்துக்குக் காற்று எங்கிருந்து வந்தது?

மூச்சை இழுத்துக்கொண்டேதான் ஊதினார். ஒரே நேரத்தில் இரண்டும். இதற்குச் சுழல் மூச்சு என்று பெயர். இது பிறவி வரம் இல்லை, பழகினால் வருவது. ஆனால் கென்னி ஜி செய்த மாதிரி செய்வது ஏன் கடினம் என்று புரிய, சாக்ஸில் சத்தம் எப்படிப் பிறக்கிறது என்பதில் தொடங்க வேண்டும்.

அதற்கு முன் ஆளைப் பற்றிக் கொஞ்சம். கென்னி ஜியின் இயற்பெயர் கென்னத் கோரலிக், 1956-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் பிறந்தவர். பத்து வயதில் டிவியில் ஒரு சாக்ஸ் கலைஞரைப் பார்த்து ஆசைப்பட்டுக் கற்க ஆரம்பித்தார். பள்ளியின் ஜாஸ் குழுவில் முதல் முறை கேட்டபோது இடம் கிடைக்கவில்லை, அடுத்த வருஷம் போய் முதல் நாற்காலியையே, அதாவது முதன்மை வாசிப்பாளர் இடத்தையே வாங்கினார். பதினேழு வயதில் பாடகர் பேரி ஒயிட்டின் லவ் அன்லிமிடெட் ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்தார், அப்புறம் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படித்தார். ஜெஃப் லார்பர் ஃப்யூஷன் குழுவில் இருந்துவிட்டு 1982-ல் அரிஸ்டா இசைத்தட்டு நிறுவனத்தில் தனி ஆல்பம் போட்டார். அவருக்கு முன்மாதிரி க்ரோவர் வாஷிங்டன் ஜூனியர். ஸ்மூத் ஜாஸ் என்ற மென்மையான ஜாஸ் வகைக்கே பாதை போட்டவர்களில் ஒருவர் அந்த க்ரோவர். கென்னி ஜியின் 1986-ல் வந்த ஆல்பத்தில் இருந்த ஒரு மெட்டு, பாட்டே இல்லாத வெறும் சாக்ஸ் மெட்டு, மறு வருஷம் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் நாலாம் இடம் வரை போனது. 1992-ல் வந்த 'ப்ரெத்லெஸ்' அமெரிக்காவில் மட்டும் 1.2 கோடிப் பிரதிகளுக்கு மேல். வாத்திய இசைக்கு இப்படி ஒரு விற்பனை அபூர்வம். சீனாவில் இன்றும் கடை மூடும் நேரம் ஆகிவிட்டது, கிளம்புங்கள் என்பதற்கு அடையாளமாகப் பல இடங்களில் போடுவது இவர் 1989-ல் வெளியிட்ட ஒரு மெட்டைத்தான்.

சரி, சத்தத்துக்கு வருவோம். நாதஸ்வரத்துக்குச் சீவாளி மாதிரி சாக்ஸுக்கு ரீட். சீவாளியில் இரண்டு இதழ்கள், சாக்ஸில் ஒன்றுதான். நாணல் வகைத் தட்டையைச் சீவி மெல்லிய பட்டையாக்கி, ஊதுமுனையின் அடியில் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். ரீட்டின் நுனிக்கும் ஊதுமுனைக்கும் நடுவே உள்ள சந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். ஊதும்போது வாய்க்குள் அழுத்தம் கூடி ரீட்டை ஊதுமுனைப் பக்கம் தள்ளிச் சந்தை மூடப் பார்க்கிறது. உள்ளே குழாயில் ஓடும் அழுத்த அலை குழாயின் திறந்த பக்கம் வரை போய்த் திரும்பி வந்து ரீட்டை மறுபடி திறக்கிறது. மூடல், திறப்பு, மூடல், திறப்பு என்று வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை. சுரம் எது என்பதைக் குழாயின் நீளம் முடிவு செய்கிறது, அதாவது எத்தனை துளைகள் திறந்திருக்கின்றன என்பது. நம் மூச்சுக்கு இந்த ஆட்டம் நிற்காமல் பார்த்துக்கொள்ளும் வேலைதான்.

இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. வாய்க்குள் அழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் ரீட் ஆடவே ஆடாது, வெறும் காற்றுச் சத்தம்தான் வரும். ரொம்ப ஏறிவிட்டாலோ ரீட் சந்தை முழுதாக அடைத்துக்கொண்டு ஊமையாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வாசிக்க முடியும். அதற்குள்ளேயும் அழுத்தம் கொஞ்சம் மாறினால் சத்தத்தின் அளவு மாறும், சுருதியும் லேசாக நகரும். உதட்டைத் தளர்த்தினால் சுருதி இறங்கும், இறுக்கினால் ஏறும். ஸ்மூத் ஜாஸில் ஒரு சுரத்துக்குக் கீழிருந்து வழுக்கி ஏறுவது அடிக்கடி கேட்கும் இல்லையா, அதில் பெரும்பங்கு உதடும் தாடையும் செய்யும் வேலை.

இப்போது சுழல் மூச்சை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். நுரையீரலில் காற்று தீரப் போகிறது என்று தெரிந்ததும் வாசிப்பவர் கன்னத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உப்ப விடுகிறார், அங்கே காற்று சேர்கிறது. அடுத்து அடிநாக்கு மேலே எழும்பி மென் அண்ணத்தோடு ஒட்டி, வாயைத் தொண்டையிலிருந்து துண்டித்துவிடுகிறது. இந்தக் கணத்தில் வாய் தனி அறை. கன்னத் தசைகளும் நாக்கும் சேர்ந்து அந்த அறையில் இருக்கும் காற்றை ரீட்டுக்குள் பிழிகின்றன, அதே நேரத்தில் மூக்கு வழியாக ஒரு வேகமான இழுப்பு, உதரவிதானம் இறங்கி நுரையீரல் நிரம்புகிறது. மோட்டார் நின்றாலும் மேல்நிலைத் தொட்டியில் இருக்கும் தண்ணீரால் குழாய் ஓடுகிற மாதிரி. தொட்டிதான் ரொம்பச் சின்னது, கன்னத்தில் பிடிக்கும் காற்று ஒரு காபி டம்ளர் அளவுகூட வராது. ஆகவே ஒரு வினாடிக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். முடிந்ததும் அடிநாக்கு இறங்கி நுரையீரல் மறுபடி பொறுப்பேற்கும்.

கன்னம் உப்பும்போது உதட்டுப் பிடி நகரக் கூடாது என்பதுதான் இதில் உண்மையான கஷ்டம். நுரையீரலிலிருந்து கன்னத்துக்கும், கன்னத்திலிருந்து நுரையீரலுக்கும் கைமாறும் இரண்டு கணங்களிலும் அழுத்தம் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும், கொஞ்சம் பிசகினாலும் கேட்பவருக்கு ஒரு விக்கல் மாதிரித் தெரியும். போதாததற்கு வாயின் உள்வடிவமும் ஒலியைப் பாதிக்கிறது. சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டெனர் எனப்படும் பெரிய வகை சாக்ஸின் ஊதுமுனைக்குள்ளேயே அளவிடும் கருவியை வைத்து, 2008-ல் 'சயின்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். சாக்ஸின் வழக்கமான எல்லைக்கும் மேலே உள்ள சுரங்களை வாசிக்க, தேர்ந்த கலைஞர்கள் தங்கள் தொண்டை, வாய்க் குழியின் ஒத்ததிர்வை அந்தச் சுரத்தோடு பொருத்திக்கொள்கிறார்கள். அது கைவராதவர்களுக்கு அந்தச் சுரங்கள் எழும்பவே இல்லை. நாக்கும் கன்னமும் இவ்வளவு நுட்பமான இடம் என்றால், ஊதிக்கொண்டிருக்கும்போதே அவற்றைப் பம்பாக மாற்றுவது எவ்வளவு அபாயமான வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால்தான் பல கலைஞர்கள் இந்தக் கைமாற்றத்தை வேகமாக ஓடும் சங்கதிகளுக்குள் ஒளித்துவைக்கிறார்கள், விரல்கள் பறக்கும்போது சின்ன நடுக்கம் யாருக்கும் கேட்காது. அசையாத ஒற்றைச் சுரத்தில் ஒளிய இடமே கிடையாது. அந்த முக்கால் மணி நேரத்தில் காலத்தின் நீளத்தைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

கென்னி ஜி பெரும்பாலும் வாசிப்பது சோப்ரானோ சாக்ஸ், வளைவில்லாத நேர்க்குழல் வகை. ஊதுமுனை சின்னது, காற்று குறைவாகவே செலவாகும், அதனால் கன்னத்துச் சேமிப்பு கொஞ்சம் கூடுதல் நேரம் தாங்கும். புல்லாங்குழலில் காற்று தடையில்லாமல் கொட்டும் என்பதால் அதில் சுழல் மூச்சு இன்னும் சிரமம். சோப்ரானோவிலும் சுகம் மட்டும் இல்லை. குழாய் சிறிது என்பதால் உதட்டில் இம்மி பிசகினாலும் சுருதி ஓடிவிடும். பெரிய சாக்ஸ்களை நன்றாக வாசிப்பவர்கள்கூட இதைக் கையில் எடுத்ததும் சுருதிக்குத் தடுமாறுவது உண்டு.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மூச்சு முட்டும் உணர்வைத் தூண்டுவது முக்கியமாக ஆக்சிஜன் குறைவது அல்ல, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு சேர்வது. காற்று குறைவாகச் செலவாகும் வாத்தியத்தில் நுரையீரலில் பழைய காற்று தேங்கிவிடும், உள்ளே காற்று நிறைய இருந்தும் திணறும். ஓபோ என்ற இரட்டை ரீட் குழல் வாசிப்பவர்களுக்கு இது தினசரி அவஸ்தை, இழுப்பதற்கு முன் பழையதை வெளியே தள்ள வேண்டும். ஆக சுழல் மூச்சில் நீண்ட நேரம் நிற்க வேண்டுமென்றால் இழுப்பதை மட்டும் பழகினால் போதாது, தேக்கத்தையும் சமாளிக்க வேண்டும்.

ஜாஸ் உலகில் கென்னி ஜியைப் பிடிக்காதவர்கள் ஏராளம். கிடார் கலைஞர் பாட் மெத்தனி 2000-ல் கடுமையாகவே எழுதினார். இவரது வாசிப்பில் சவால் இல்லை, எல்லாம் வழவழப்பு என்பது பொதுவான புகார். இசையாக அதில் எவ்வளவு ஆழம் என்று வாதிடலாம், அவருடைய பல மெட்டுகள் எனக்கும் ஒன்று போலவே கேட்கின்றன. ஆனால் அந்த வழவழப்பு சும்மா வருவதில்லை. அழுத்தம், உதடு, நாக்கு மூன்றும் ஒரு மயிரிழைக்குள் நிற்கும்போதுதான் அப்படி ஒரு நாதம் வரும். தினமும் மூன்று மணி நேரம் பயிற்சி செய்வதாக அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார், அறுபது வயதைத் தாண்டிய பிறகும்.

நம் ஊரில் முன்பெல்லாம் நாதஸ்வரக் கச்சேரியில் ஓரமாக உட்கார்ந்து சுருதிக்கு ஒத்து ஊதுபவரை நினைத்துப் பாருங்கள். ஒரே சுரம், விடாமல், கன்னம் உப்பி இறங்கும். அதே சுழல் மூச்சுதான். பாம்பாட்டியின் மகுடியும் அப்படித்தான் ஊதப்படுகிறது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் நீண்ட மரக்குழலான டிஜெரிடூவுக்கோ இது அடிப்படை. 2006-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டார்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் 25 பேரில் ஒரு பகுதியினர் நாலு மாதம் டிஜெரிடூ கற்றுக்கொண்டு வாசித்தார்கள். அவர்களுக்குப் பகல் தூக்கக் கலக்கமும் மூச்சுத் தடையும் குறைந்தன. தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் தசைகள் பலப்பட்டதுதான் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

பழகிப் பார்க்க வாத்தியமே வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீரில் மெல்லிய ஸ்ட்ரா வைத்துக் குமிழி விடுங்கள். கன்னம் உப்பட்டும், உப்பிய கன்னத்தால் மட்டும் குமிழியை ஓட்டிக்கொண்டு மூக்கால் ஒரு தடவை சட்டென்று இழுங்கள். முதலில் குமிழி அறுபடும். ஸ்ட்ராவின் நுனியைக் கொஞ்சம் நசுக்கிச் சந்தைக் குறைத்தால் கன்னத்துக் காற்று அதிக நேரம் தாங்கும், கைவந்ததும் நசுக்கலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடலாம். தலை சுற்றினால் உடனே நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.