முதியோர் இல்லத்தில் இருப்பவருக்காக யார் பேசலாம்? நெல்லை மாவட்டத்தாருக்கு ஒரு சட்ட விளக்கம்

முதியோர் இல்லத்தில் சேர்வதால் ஒருவருடைய சொத்துரிமையோ, பண உரிமையோ, விரும்பியபடி வெளியே சென்று வரும் உரிமையோ குறைந்துவிடுவதில்லை. ஆனால் அந்த உரிமைகளை அவர் தாமே கேட்டுப் பெறுவது நடைமுறையில் கடினம். மகன் மும்பையிலோ வளைகுடாவிலோ இருப்பார். விடுதி நிர்வாகத்தைப் பகைத்துக்கொண்டால் நாளைய சாப்பாடும் மருந்தும் என்னவாகும் என்ற அச்சம் இருக்கும். அமெரிக்காவில் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்களின் முறையீட்டைக் கேட்பதற்கென்றே மாநிலந்தோறும் ஓர் அமைப்பைச் சட்டம் ஏற்படுத்தி வைத்திருக்கிறது. நம்மிடம் அப்படி ஒரே அலுவலகம் கிடையாது. வேலை பலரிடம் பிரிந்து கிடப்பதால், எந்தக் குறையை எங்கே கொண்டுபோவது, இல்லவாசிக்காக வெளியாள் ஒருவர் மனுக் கொடுக்க முடியுமா என்பவையே தெரிந்துகொள்ள வேண்டியவை.

முடியும் என்பதே விடை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி, பராமரிப்புத் தொகை கேட்கும் மனுவை 60 வயது நிறைந்த மூத்த குடிமகனோ, எந்த வயதினராக இருந்தாலும் பெற்றோரோ தாமே கொடுக்கலாம். அவர்களால் இயலாதபோது, அவர்கள் அதிகாரம் அளித்த வேறு எவரும் அல்லது பதிவு பெற்ற தொண்டு அமைப்பு கொடுக்கலாம். இந்த மனுக்களுக்கென அமைந்த தீர்ப்பாயம் தானாகவே முன்வந்தும் விசாரிக்கலாம். அதிகாரம் பெற்றவர் உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், பழைய தலைமையாசிரியர், சபையிலோ ஜமாத்திலோ பொறுப்பில் இருப்பவர், வாரந்தோறும் இல்லத்துக்குச் சென்று வரும் தன்னார்வலர் என யாராகவும் இருக்கலாம். ஆகவே முதலில் தேவைப்படுவது ஓர் அதிகாரக் கடிதம். முதியவரின் பெயர், வயது, சொந்த ஊர், இல்லத்தின் பெயர், எந்தக் காரியத்துக்காக யாருக்கு அதிகாரம் தருகிறார் என்பது, தேதி ஆகியவற்றை எழுதி, கையெழுத்தோ இடது பெருவிரல் ரேகையோ வாங்கி, இரண்டு சாட்சிகளிடமும் கையெழுத்துப் பெற்றுக்கொள்வது நல்லது. சாட்சிகள் இல்லத்தின் ஊழியர்களாக இல்லாதிருப்பது அதைவிட நல்லது. நினைவு தடுமாறி அதிகாரம் தரும் நிலையிலேயே இல்லாதவருக்காக, தீர்ப்பாயம் தானே முன்வந்து விசாரிக்க வேண்டும் என்று விவரங்களுடன் எழுதிக் கேட்பதே வழி.

இந்தத் தீர்ப்பாயத்துக்குத் தலைமை வகிப்பவர் வருவாய்க் கோட்ட நிலை அலுவலர். திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மானூர் வட்டங்களில் உள்ளவர்களுக்குத் திருநெல்வேலி கோட்டாட்சியர். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளை வட்டத்தாருக்குச் சேரன்மகாதேவி சார் ஆட்சியர். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதிலிருந்து அந்தப் பக்கத்து ஊர்களுக்குத் தென்காசி, சங்கரன்கோவில் கோட்டங்கள். பலரும் குழம்புவது இந்த இடத்தில்தான். கடையநல்லூர்க்காரர் ஒருவர் பாளையங்கோட்டை இல்லத்தில் இருந்தால் மனுவைத் தென்காசியில்தான் கொடுக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். முதியவர் இப்போது வசிக்கும் இடம், கடைசியாக வசித்த இடம், பிள்ளை வசிக்கும் இடம் ஆகிய எதில் வேண்டுமானாலும் மனுக் கொடுக்கலாம். இல்லமும் வசிக்கும் இடந்தான்.

எதிர்மனுதாரருக்கு அறிவிப்பு (நோட்டீஸ்) சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து 90 நாட்களுக்குள் மனுவை முடிக்க வேண்டும். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் ஒரே ஒரு முறை 30 நாட்கள் நீட்டிக்கலாம். வழக்கு நடக்கும்போதே இடைக்காலத் தொகை கேட்கலாம். அதிகபட்சம் மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம் என்ற 2007-ஆம் ஆண்டு வரம்பு இன்றைய இல்லக் கட்டணங்களுக்கு எட்டாததாகிவிட்டது. இதைத் திருத்தும் மசோதா 2019-இல் மக்களவைக்கு வந்தும் சட்டமாகவில்லை. பிள்ளை இல்லாதவர்கள், தம் சொத்தை அனுபவிப்பவரோ தமக்குப்பின் அதற்கு வாரிசாகக் கூடியவரோ ஆன உறவினரிடம் கேட்கலாம். உத்தரவிட்ட தொகையைக் கட்டாதவருக்கு, வாரண்டின் பேரில் ஒரு மாதம் வரை, அல்லது அதற்குமுன் கட்டும் வரை, சிறைத் தண்டனை விதிக்க முடியும். மாவட்ட சமூக நல அலுவலர் பராமரிப்பு அலுவலர் என்ற முறையில், முதியவர் விரும்பினால் அவர் சார்பில் தீர்ப்பாயத்தில் ஆஜராவார். இது பலருக்குத் தெரிவதில்லை.

அடுத்தது சொத்து. செட்டில்மென்ட் எழுதி வாங்கிய பிள்ளை கைவிட்டால் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம் என்பது ஓரளவு பரவலாகத் தெரிந்த செய்தி. ஆனால் இதற்கு வழிசெய்யும், அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசவில்லை. அடிப்படை வசதிகளையும் தேவைகளையும் கவனித்துக்கொள்வதாக நிபந்தனை ஏற்று, தானமாகவோ வேறு வகையிலோ சொத்தைப் பெற்றவர் யாராக இருந்தாலும் அது பொருந்தும். வீட்டையோ வயலையோ இல்லத்தை நடத்தும் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்து, 'கடைசி வரை பார்த்துக்கொள்கிறோம்' என்ற வாக்கை நம்பிச் சேர்ந்தவர், அங்கே கவனிப்பு இல்லையென்றால் அந்தப் பத்திரத்தையும் இதே தீர்ப்பாயத்தின் முன் வைக்கலாம். சட்டம் நடைமுறைக்கு வந்தபின் எழுதப்பட்ட பத்திரங்களுக்கே இது பொருந்தும் என்பது ஒரு வரம்பு. நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்பது இன்னொன்று. 2022-இல் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில், இது முதியவர்களுக்கு நன்மை தரும் பொருட்டு இயற்றப்பட்ட சட்டம், அதைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றதோடு, சொத்தின் சுவாதீனத்தை, அதாவது அதைக் கைவசம் வைத்து அனுபவிக்கும் நிலையை, திருப்பித் தரவும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்று அதே நீதிமன்றம் கூறியது. எப்படியும், இனி எழுதப்போகிறவர்கள் பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே வெளிப்படையாகச் சேர்க்கும்படி பத்திர எழுத்தரிடம் சொல்லுவது வழக்குச் செலவைவிட மலிவானது. அதைச் சேர்க்க மறுக்கும் இல்லத்துக்குச் சொத்தை எழுதுவது பற்றி மறுபடி யோசிப்பது நலம்.

இல்லத்தின் நடைமுறை பற்றிய குறைகள் வேறு வகை. தமிழ்நாட்டில் முதியோர் இல்லங்கள் சமூக நலத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டும்படி கேட்கச் சங்கடப்பட வேண்டியதில்லை. ஆதரவற்றோருக்கான இல்லங்களுக்கு மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகள், படுக்கையறையில் ஒருவருக்கு 7.5 சதுர மீட்டர் இடம், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனித் தங்குமிடம், சாதி மத வேறுபாடற்ற சேர்க்கை ஆகியவற்றைக் கூறுகின்றன. ஒரு கூடத்தில் கட்டில்கள் ஒட்டிக் கிடப்பதைப் பார்க்கிறவர் இந்த அளவை நினைவில் வைத்திருந்தால், புகாரில் 'நெருக்கடியாக இருக்கிறது' என்று பொதுவாக எழுதாமல் கணக்குடன் எழுதலாம்.

வெளிக்கதவைப் பூட்டி வைப்பதே நான் அறிந்தவரை அதிகம் கேட்கப்படும் கேள்வி. 'ஆச்சிக்கு வெளியே போக மனசில்லை' என்று மேலாளர் சொல்வதை ஆச்சியே சொல்லக் கேட்க வேண்டும், அதுவும் தனியாக. சுயநினைவோடு உள்ள ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக வெளியே விடாமல் அடைத்து வைத்தால், அது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-ஆம் பிரிவின்கீழ் குற்றமாகக்கூடும். அதற்குக் காவல் நிலையமே போகலாம். மறதி நோய் முற்றியவர்களைப் பொறுத்தவரை பாதுகாப்புக்காகக் கதவை அடைப்பதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அவர்களை வைத்துச் சிகிச்சையும் பராமரிப்பும் தரும் இடம், மனநல நிறுவனம் என்ற வரையறைக்குள் வருமானால், 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு பெற வேண்டும். அங்கே கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது. தம் விருப்பப்படி பார்வையாளரைச் சந்திக்கவும், நியாயமான நேரத்தில் தொலைபேசியில் பேசவும் உரிமை உண்டு.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். முக்கூடல், மேலப்பாளையம் பகுதிகளில் ஆயுள் முழுதும் பீடி சுற்றிய பெண்களுக்கு வரும் பி.எஃப். பென்ஷனும், மாதம் 1,200 ரூபாய் முதியோர் ஓய்வூதியமும் அவரவர் பணம். பாஸ்புக், ஏ.டி.எம். அட்டை, ஆதார் ஆகியவற்றை இல்லம் தானாக வாங்கி வைத்துக்கொள்ள எந்தச் சட்டமும் அதிகாரம் தரவில்லை. பாதுகாப்புக்காகக் கொடுத்திருந்தால் எழுத்தில் ரசீது இருக்க வேண்டும், கேட்டதும் திரும்பி வர வேண்டும். பி.எஃப். பென்ஷனுக்கு ஆண்டுக்கொரு முறை உயிர்வாழ் சான்று தேவை என்பதை இல்லவாசிக்காகப் பேச முன்வருகிறவர் மறக்கக் கூடாது. அது விட்டுப்போனால் பென்ஷன் நின்றுவிடும்.

கட்டணம் செலுத்தித் தங்கியிருப்பவர் நுகர்வோரும் ஆவார். தருவதாகச் சொன்ன செவிலியர் வசதி இல்லை, முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை என்றால், இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரையிலானால் கட்டணம் இல்லை. முற்றிலும் இலவசமாக இருப்பவருக்கு இந்த வழி திறக்காது. அவர்கள் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு அளிக்கலாம். வர இயலாதவருக்காக அதிகாரக் கடிதத்துடன் வேறொருவர் வரலாம். உடனடி உதவிக்கு முதியோர் உதவி எண் 14567 காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை செயல்படுகிறது. வழக்கறிஞர் உதவி வேண்டுமென்றால் தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 உண்டு. பெண்கள் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள்.

மனு எதுவானாலும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். தீர்ப்பாயத்தின் பராமரிப்பு உத்தரவு நகல் முதியவருக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும். உத்தரவு பாதகமாக இருந்தால், உத்தரவு தேதியிலிருந்து 60 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குச் செல்லலாம். போதிய காரணம் காட்டினால் அதன் பின்னரும் மனு ஏற்கப்படலாம்.